மஞ்சள் ஏறாத டப்பா எது?

உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சாம்பார் வைத்தது மஞ்சளாகிவிட்டது. கிராம்பு, பட்டை வைத்ததில் மூலையில் விரிசல். கறையும் ஏறாமல், வெடிக்காமலும் இருக்க எதை வாங்கலாம்?"

இரண்டு டப்பாவையும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள், எந்த வகை பிளாஸ்டிக் என்று காட்டும் ஓர் எண் இருக்கும். விரிசல் விட்டதில் அது 6 ஆக இருக்கலாம். பாலிஸ்டைரீன். பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு, ஆனால் சட்டென்று நொறுங்கும். கிராம்பிலும் ஆரஞ்சுத் தோலிலும் உள்ள வாசனை எண்ணெய் இதை அரித்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மூலைகளில் முடி போல வெள்ளிக் கோடுகள் தெரியும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மஞ்சள் கறை வேறு கதை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். எண்ணெயில் நன்றாகக் கரையும். பெரும்பாலும் பால் போல மங்கலாகவும், சில வகைகளில் தெளிவாகவும் இருக்கும் 5 ஆம் எண் பாலிபுரொப்பிலீன் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும், எண்ணெயோடு நிறமும் போய் உட்கார்ந்துவிடும். சூடு இதை இன்னும் வேகப்படுத்தும். மைக்ரோவேவில் குழம்பின் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், மேலே மிதக்கும் எண்ணெய் அதையும் தாண்டிவிடும். அதனால்தான் குழம்பு நின்ற மட்டத்தில் ஒரு வளையமாகக் கறை அழுத்தமாகப் படிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கீறல்தான் மிஞ்சும், அடுத்த கறை அதில் பிடித்துக்கொள்ளும்.

சரி, எதை வாங்குவது? தெளிவும் வேண்டும், உறுதியும் வேண்டும் என்றால் என் பரிந்துரை ட்ரைட்டான். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் இது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது, உடலின் ஹார்மோன்களைப் பாதிக்கக்கூடிய பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் சேர்த்துச் செய்யப்படுவதில்லை. எண் 7 என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 7 என்றால் "மற்றவை". பாலிகார்பனேட்டும் அதில்தான் வரும். அதைச் செய்ய பிஸ்பினால் ஏ தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் குழந்தைகளின் பால் புட்டிக்கு அதைத் தடைசெய்தது. ஆகவே ட்ரைட்டான் என்ற பெயரே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தாலும் கொதிக்கும் சாம்பாரை நேரே ஊற்றினால் ட்ரைட்டானிலும் நாளடைவில் மஞ்சள் ஏறும். 110 டிகிரி வாக்கில் அது இளகவும் தொடங்கும். ஆறவைத்து ஊற்றுங்கள். சூடாக்க வேண்டியதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். கிராம்பு, பட்டைக்கும் கண்ணாடி ஜாடிதான் நல்லது.

மஞ்சளான டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் விழும் சன்னலுக்கு உட்புறம் இரண்டு மூன்று நாள் வையுங்கள், கறை நன்றாக வெளுக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னலின் வெளி விளிம்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள், கீழே நடப்பவர் தலையில் விழும். விரிசல் விட்ட டப்பாவில் இனி உணவு வேண்டாம்.

அப்புறம், கடையில் மூடியையும் திருப்பிப் பாருங்கள். டப்பா ட்ரைட்டானாக இருந்தாலும் மூடி பெரும்பாலும் 5 ஆம் எண்ணாகத்தான் இருக்கும். குழம்பு மூடியைத் தொடாதபடி ஒரு விரல் அளவு இடம் விட்டு ஊற்றுங்கள்.