பார்வையாளர் சொன்னதைப் பத்திரப்படுத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் ஓர் அறை ஒதுக்கி பத்தாயம், நெல் அளக்கும் மரக்கால், இறைகூடை, பரம்பு என்று பழைய சாகுபடிச் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறோம். வாசலில் கருத்து நோட்டு இருக்கிறது, ஆனால் 'அருமை', 'நன்று' என்பதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை. பழைய நோட்டுகளை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. சமீபத்தில் வந்த ஒரு பாட்டி மரக்காலைப் பார்த்துவிட்டு, "குத்தகை அளக்க ஒண்ணு, எங்களுக்குக் கூலி அளக்க ஒண்ணு, ரெண்டும் சமமா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் சேர்த்து வைக்க என்ன வழி?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பாட்டி சொன்னதை இன்றைக்கே எழுதிவையுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். 12 மரக்கால் ஒரு கலம் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கூலிக்கு வேறு மரக்கால் இருந்தது என்பதை, 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த காலத்துக் களத்துமேட்டைப் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும், அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள், தயவுசெய்து மேடைத்தமிழாகத் திருத்தாதீர்கள். கூடவே தேதி, எந்தப் பொருளைப் பார்த்துச் சொன்னார், எந்த ஊர், ஏறக்குறைய என்ன வயது, கேட்டு எழுதியது யார் என்பதும் வேண்டும். இவை இல்லாவிட்டால் பிற்பாடு படிப்பவருக்கு அது வெறும் பேச்சு.

வாசலில் வெற்று நோட்டை வைத்தால் 'அருமை'தான் வரும். பொருளுக்குப் பக்கத்திலேயே சீட்டும் பென்சிலும் வைத்து, 'உங்கள் வீட்டில் இதற்கு என்ன பேர்? கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை, சம்மதம் கேட்டுக்கொண்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். 'எழுத்து பொடியா இருக்கு', 'உட்கார இடமில்லை' போன்ற குறைகளையும் கிழிக்காமல் வையுங்கள், என்ன சரிசெய்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

பென்சில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: ஈரம் பட்டாலும் அது கரையாது, வெளிச்சத்தில் மங்காது. பல ஜெல் பேனாக்களின் எழுத்து தண்ணீர் பட்டால் போச்சு. செல்லோ டேப் பழுப்பேறி ஒட்டிக்கொள்ளும், குண்டூசி நம் ஐப்பசி ஈரத்தில் துருப்பிடிக்கும், இரண்டும் வேண்டாம். நோட்டைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, இரும்பு பீரோவில் வையுங்கள். தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்புப் பொடி முடிச்சு வைப்பது பழைய பழக்கம், நீங்களும் வைக்கலாம், ஆனால் அடிக்கடி திறந்து பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

மாதம் ஒருமுறை பக்கங்களைப் படமெடுத்து, கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். தட்டச்சு செய்வதென்றால் யூனிகோடில்தான், பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வேறு கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நகல் கட்டாயம் வேறு ஊரில் இருக்கட்டும். 2018 கஜா புயலில் நம் பக்கத்தில் எத்தனை கூரை பறந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இவ்வளவுக்குப் பதில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டினால் போதாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒட்டுங்கள், கல்லூரிப் பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். ஆனால் மரக்காலைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பாட்டி அதைத் தொடமாட்டார், அதனால் சீட்டும் இருக்கட்டும். வந்த பதில்களை மாதாமாதம் இறக்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், இலவசச் சேவை எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். போன் நம்பர் மட்டும் கேட்காதீர்கள், கருத்துக்கு அது தேவையே இல்லை.