சூரை மீனும் கணக்கில் வராத பிடிப்பும்

கேள்வி: சூரை மீன் பிடிக்கும் பெரிய கப்பல்களின் திறன் கூடிவருவதற்கும் சட்டவிரோத மீன்பிடிப்புக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பலரும் நினைப்பதுபோல், உரிமமின்றி இரவில் நுழையும் கள்ளக் கப்பல் மட்டுமே குற்றவாளி அல்ல. பசிபிக் தீவு நாடுகளின் மீன்வள அமைப்புக்காக 2016இல் வெளியான ஆய்வு, முறைகேட்டோடு தொடர்புடைய சூரையை ஆண்டுக்குச் சுமார் 3,06,000 டன் என மதிப்பிட்டதோடு, அதில் பாதிக்கும் மேற்பட்டது உரிமம் பெற்ற கப்பல்கள் பிடிப்பைத் தவறாகக் கணக்குக் காட்டுவதால் நேர்வது என்றும் கண்டறிந்தது. 2021இல் செய்த மறுமதிப்பீட்டில் அந்த அளவு சுமார் 1,92,000 டன்னாகக் குறைந்தது.

திறன் என்பது இங்கேதான் சிக்கலாகிறது. தங்கள் கடற்பரப்பில் சூரை பிடிக்கும் உரிமையைக் கூட்டாக நிர்வகிக்கும் பசிபிக் தீவு நாடுகளான நவுரு ஒப்பந்த நாடுகள் 2007 முதல், மீன்திரளை வலையால் வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குவலைக் கப்பல்களுக்கு மீனின் எடையை அல்ல, மீன்பிடி நாள்களையே வரையறுத்து விற்கின்றன. எதிரொலிக் கருவியும் செயற்கைக்கோள் தொடர்பும் பொருத்திய மிதவைகள், தம் அடியில் கூடியுள்ள மீன்திரளின் அளவைத் தொலைவிலிருக்கும் கப்பலுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவதால், தேடலில் கழிந்த நேரம் சுருங்கி, அதே ஒரு நாளில் கிடைக்கும் பிடிப்பு பெருகுகிறது. இது குற்றமன்று, ஆயினும் வரம்பின் நோக்கத்தை இது மெல்லக் கரைக்கிறது என்பதே என் கருத்து. நாளுக்கு விலை இருப்பதால், மீன்பிடித்த நாளையே 'பிடிக்காத நாள்' என்று பதியும் ஆசையும் எழுகிறது.

சுருக்குவலைக் கப்பல்களில், பிடிப்பைக் கண்காணித்துப் பதியும் பார்வையாளர் உடன் செல்வது அந்தக் கடற்பகுதியில் பொது விதி. நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில்களைக் கோத்துப் பிடிக்கும் ஆயிரந்தூண்டில் கப்பல்களுக்கோ, மீன்பிடிப்பில் 5 விழுக்காட்டுக்கு மட்டும் பார்வையாளர் கண்காணிப்பு என்பதே குறைந்தபட்சத் தேவை.