சொகுசு மின்கார்கள் பெரும்பாலும் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம்தான். அப்புறம் எதை வைத்து ஒப்பிடுவது?

யூரோ என்கேப் என்பது 1997 முதல் புதிய கார்களை மோதவிட்டுச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பிய அமைப்பு. சிங்கப்பூர் ஷோரூம்களில் விற்பனையாளர் பெருமையாகச் சொல்லும் ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் இவர்கள் தருவதுதான்.

ஓ-லெவல் தேர்வில் 75 எடுத்தாலும் ஏ1, 95 எடுத்தாலும் ஏ1. இதுவும் அப்படித்தான். 2025 வரையிலான சோதனைகளில் நட்சத்திரத்துக்குப் பின்னால் நான்கு பாடங்கள்: பெரியவர்களுக்கான பாதுகாப்பு, குழந்தைகளுக்கானது, காருக்கு வெளியே நடப்பவர்களுக்கும் சைக்கிள், மோட்டார்சைக்கிள் ஓட்டிகளுக்குமானது, கடைசியாக ஓட்டுநருக்கு உதவும் தொழில்நுட்பம். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் (2021), டெஸ்லா மாடல் எஸ் (2022) இரண்டுமே ஐந்து நட்சத்திரக் கார்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் மெர்சிடிஸ் 96 சதவீதம், டெஸ்லா 94, பெரிய வித்தியாசமில்லை. தொழில்நுட்ப உதவியிலோ டெஸ்லா 98, மெர்சிடிஸ் 80. பிஐஇ விரைவுச்சாலையில் இரண்டு தடங்களுக்கு நடுவே மோட்டார்சைக்கிள்கள் புகுந்து போகும் நம் ஊரில், நான் மூன்றாவது பாடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

சோதனை ஆண்டையும் கவனியுங்கள். வினாத்தாள் சில வருடங்களுக்கு ஒருமுறை கடினமாகிறது. ரெனோ ஸோயி என்ற சிறிய மின்கார் 2013-இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2021-இல் மறுபடி சோதித்தபோது பூஜ்யம். புதிய பாதுகாப்பு வசதிகள் அதில் போதவில்லை, பக்கவாட்டுக் காற்றுப்பையின் பாதுகாப்பும் குறைந்திருந்தது.

இன்னொன்று: தானாக பிரேக் போடும் கார் என்றால் தானாகவே ஓடும் கார் என்று பலர் நினைக்கிறார்கள், அது அவசரத்தில் கைகொடுக்கும் உதவி மட்டுமே, சாலையைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.