பங்கில் இரக்கப் பணி: கேட்டவர்களுக்குப் பதில்

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் வட்டாரத்தில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு 22 வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

கேள்வி: இரக்கச் செயல்கள் ஏழு என்கிறார்கள். மத்தேயு 25-இல் ஆறுதானே இருக்கிறது?

சரியாக எண்ணியிருக்கிறீர்கள். பசி, தாகம், அந்நியர், ஆடை, நோய், சிறை, அவ்வளவுதான். இறந்தோரை அடக்கம் செய்வது பிற்பாடு சேர்ந்தது. நம் விவிலியத்தில் தோபித்து நூலைப் பாருங்கள். சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட்) நண்பர்களின் வேதாகமத்தில் அந்த நூல் இருக்காது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஃபோன் வந்தால் அது பெரும்பாலும் இந்த ஏழாவதுக்காகத்தான்.

கேள்வி: சபையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வீடு சந்திக்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். 1833-இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாமும் சக மாணவர்களும் சபையைத் தொடங்கினார்கள். அவருக்கு அப்போது வயது 20. ஏழைகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அன்றிலிருந்து நம் முதல் வேலை.

போனதும் பையை நீட்டாதீர்கள். உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். குடிக்காமல் எழுந்தால் நீங்கள் கொண்டுபோன அரிசி பிச்சையாகிவிடும். ஒரு பாட்டி எங்களிடம், "பொழுது சாஞ்சப்புறம் கொல்லப்பக்கமா வாங்கய்யா" என்றார். இன்றுவரை அப்படித்தான் போகிறோம். அப்புறம், படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: முதியோர் உதவித்தொகைக்கு எப்படி மனுப் போடுவது?

இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: கோயில் பணத்தைக் கையாடியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். மறுபடி பொருளாளர் ஆக்கலாமா?

மன்னியுங்கள். பூசை முடிந்ததும் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள், ஊரே பார்க்கட்டும். உண்டியல் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். விழுந்த இடத்திலேயே அவரை மறுபடி நிறுத்துவது இரக்கமில்லை.

கேள்வி: படம் வேண்டாம் என்றால் நன்கொடையாளர் எப்படி நம்புவார்? கணக்கு வேண்டாமா?

கணக்கு வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய் என்று மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். பெயர் மட்டும் இருக்காது. எங்கள் கூட்டத்தில் இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. கொடுப்பவருக்கு இருக்கும் மறைவு வாங்குபவருக்கு வேண்டாமா?

வேறொரு பங்கில் நடந்தது. 5 கிலோ அரிசியை ஒரு அம்மா வாங்கும் படம் அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். வகுப்பில் யாரோ அதை அவளிடமே காட்டியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அம்மா மட்டும் வந்தார். அதற்கடுத்த மாதம் அவரும் வரவில்லை. நாங்கள் போனபோது அரிசிப் பை வாசலிலேயே இருந்தது, கட்டுக்கூடப் பிரிக்காமல்.

கேள்வி: முகத்தை மறைத்துப் போட்டால்?

எங்கள் தெருவில் சேலையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் படம் கேட்கிறார். ஒன்றே ஒன்று?

மேலே படியுங்கள்.

கேள்வி: குடிகாரர் வீட்டுக்கும் கொடுக்கலாமா?

அந்த வீட்டில் பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா? பணமாகக் கொடுக்காதீர்கள், மளிகைக் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பூசைக்கே வராதவர்களுக்கு?

இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

கேள்வி: சரி, வாங்குபவர் வேண்டாம். கொடுக்கும் என்னை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வாருங்கள். மூன்று மூட்டை அரிசியை மாடிக்கு ஏற்ற வேண்டும், ஆள் இல்லை. ஏறும்போது நானே எடுக்கிறேன்.