வீட்டிலேயே லேசர் கட்டிங், என்கிரேவிங் மெஷின் செய்ய முடியுமா? எந்த லேசர், என்னென்ன பாகங்கள் வாங்க வேண்டும்?

கேட்டவருக்கு 3 மி.மீ பிளைவுட் வெட்ட வேண்டும், மரத்தில் பெயர், படம் பொறிக்க வேண்டும், 400 × 400 மி.மீ இடம் போதும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எல்லோரும் "எத்தனை வாட்?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். சரியாக ஃபோகஸ் செய்து, வெட்டும் இடத்தில் காற்றும் ஊதினால், அது இரண்டும் இல்லாத 10 வாட் லேசரை விட 5 வாட் லேசர் சுத்தமாக வெட்டும். பட்ஜெட் போடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

முதல் மெஷினுக்கு கார்பன் டை ஆக்சைடு குழாய் லேசர் வேண்டாம். அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு 15,000 வோல்ட் அளவில் மின்சாரமும், ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரும் வேண்டும். 450 நானோமீட்டர் நீல டயோடு லேசர் 12 வோல்ட்டில் ஓடும். அதில் ஒரு குறை உண்டு: நீல ஒளி தெளிவான அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. கறுப்பு அக்ரிலிக்கை வெட்டும்.

மாட்யூல் வாங்கும்போது "ஆப்டிகல் வாட்" எவ்வளவு என்று கேளுங்கள். "40 வாட்" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அது இழுக்கும் மின்சாரம். வெளியே வரும் ஒளி 5 வாட்தான் இருக்கும். 10 வாட் மாட்யூலில் இரண்டு டயோடுகளின் கதிர்களை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். பிடபிள்யூஎம் (லேசரை வேகமாக ஏற்றி அணைத்து பவரை மாற்றும் சிக்னல்) உள்ளீடு தனி வயராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பவரைக் கூட்டிக் குறைக்க முடியாது.

சட்டத்துக்கு 20 × 20 மி.மீ வி-ஸ்லாட் (சக்கரம் ஓட வி வடிவப் பள்ளம் உள்ள) அலுமினிய ப்ரொஃபைல், 600 மி.மீ நீளத்தில் ஐந்து துண்டுகள்: நான்கு சுற்றுச்சட்டத்துக்கு, ஒன்று குறுக்கே ஓடும் பாலத்துக்கு. நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு ஸ்டெப்பாகச் சுற்றுவது) மூன்று, 6 மி.மீ அகல ஜிடி2 பல் பெல்ட் 3 மீட்டர், 20 பல் புல்லி மூன்று. ஆர்டுயினோ யூனோ (மெஷினை இயக்கும் சிறு கன்ட்ரோலர் போர்டு), அதன்மேல் பொருத்தும் சிஎன்சி ஷீல்டு வி3, மோட்டார்களை ஓட்டும் ஏ4988 டிரைவர் மூன்று, 12 வோல்ட் 10 ஆம்பியர் பவர் சப்ளை. சென்னையில் இருப்பவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் ரிட்ச்சி தெருவிலேயே கிடைக்கும்.

சட்டத்தின் திருகுகளை முழுதாக இறுக்குவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், 1 மி.மீ வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. ப்ரொஃபைலில் ஓடும் சக்கரங்களின் எக்சென்ட்ரிக் நட்டை (திருப்பினால் சக்கரத்தை ப்ரொஃபைலோடு நெருக்கும் நட்டு), சக்கரத்தை விரலால் சுற்றினால் வண்டியும் சேர்ந்து நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் சக்கரம் தேயும், மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடும்.

ஒய் அச்சில், அதாவது பாலம் முன்னும் பின்னும் நகரும் திசையில், இரண்டு மோட்டார்கள். நான்காவது டிரைவர் இடமான 'ஏ'-வில் மூன்றாவது டிரைவரைப் பொருத்தி, ஷீல்டில் உள்ள ஜம்பரால் அதை ஒய் அச்சைப் பின்பற்ற வைக்கலாம். இரண்டு மோட்டார்களும் எதிரெதிராக நிற்பதால் ஒன்றில் ஒரு காயிலின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால்தான் ஒரே பக்கம் நகரும். மின்சாரத்தை அணைத்த பிறகே மோட்டார் வயரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் டிரைவர் அங்கேயே செத்துவிடும். டிரைவரில் உள்ள சிறு மின்தடை 0.1 ஓம் என்றால், 1 ஆம்பியருக்கு விரெஃப் (டிரைவரின் சிறு திருகால் வைக்கும் வோல்டேஜ்) 0.8 வோல்ட், 0.05 ஓம் என்றால் 0.4 வோல்ட். இதைப் பார்க்காமல் திருகினால் மோட்டார் கொதிக்கும்.

யூனோவில் ஜிஆர்பிஎல் 1.1 (மோட்டாரையும் லேசரையும் இயக்கும் மென்பொருள்) ஏற்றுங்கள். லேசரின் பிடபிள்யூஎம் வயர் 11-ஆம் பின்னுக்குப் போக வேண்டும். பழைய ஷீல்டில் அந்த இடத்தில் இசட் லிமிட் என்றுதான் அச்சிட்டிருக்கும். பலர் இங்கேதான் குழம்பி, லேசர் எரியவில்லை என்கிறார்கள். அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம் மின்தடை கட்டாயம். யூனோ ரீசெட் ஆகும் நொடியில் அந்தப் பின் ஆனும் இல்லாமல் ஆஃபும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். மின்தடை இல்லாவிட்டால் சில மாட்யூல்கள் அப்போது முழு பவரில் ஒளிரத் தொடங்கிவிடும்.

மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப், 20 பல் புல்லி ஒரு சுற்றில் நகர்த்துவது 40 மி.மீ. 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. ஆகவே ஜிஆர்பிஎல் அமைப்பில் $100=80, $101=80 (எக்ஸ், ஒய் அச்சுகளில் 1 மி.மீ-க்கு எத்தனை ஸ்டெப்). பிறகு $30=1000 (முழு பவரின் எண்), $32=1. இந்த $32 லேசர் மோடு. அதோடு எம்4 கட்டளையைப் பயன்படுத்தினால், மூலையில் தலை மெதுவாகும்போது பவரும் தானாகக் குறையும். எம்3-இல் விட்டால் ஒவ்வொரு மூலையிலும் கருகிய புள்ளி விழும். பென்சிலைக் கட்டி 100 மி.மீ சதுரம் வரையுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 141.4 மி.மீ வந்தால் சட்டம் நேர். வட்டம் வரைந்து முனைகள் சேரவில்லையென்றால், முதலில் புல்லியைத் தண்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூவைப் பாருங்கள்; மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில்தான் அது அமர வேண்டும். பெல்ட் தொய்வு அடுத்தது.

ஃபோகஸுக்கு ஒரு பலகையின் ஒரு முனையை 10 மி.மீ உயர்த்திச் சரிவாக வைத்து, குறைந்த பவரில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோடு எங்கே மிக மெல்லியதோ, அங்கே லேசருக்கும் பலகைக்கும் உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தில் ஒரு மரக்கட்டை வெட்டி வைத்துக்கொண்டால் போதும். காற்றுக்கு மீன் தொட்டி பம்பில் பெரியதாக ஒன்றை வாங்கி, குழாய் நுனியைக் கதிர் விழும் இடத்துக்கு நேராகத் திருப்புங்கள். புகை விலகினால்தான் அடுத்த ஒளி மரத்தைத் தொடும். லென்ஸிலும் புகை படியாது. சில வாரங்களில் பவர் குறைந்தது போலத் தெரிந்தால், டயோடைச் சந்தேகிக்கும் முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லென்ஸைத் துடையுங்கள்.

5 வாட் ஆப்டிகலுக்குத் தொடக்க அளவு: 3 மி.மீ பிளைவுட், 100% பவர், நிமிடத்துக்கு 200 மி.மீ, இரண்டு அல்லது மூன்று பாஸ் (அதே கோட்டில் மறுபடி மறுபடி ஓட்டுவது). பொறிக்க 2000 மி.மீ, 30 முதல் 50%, கோட்டு இடைவெளி 0.1 மி.மீ. கிரே ஸ்கேல் படங்களில் தலை திக்கித் திக்கி ஓடினால் வேகத்தைக் குறையுங்கள்; யூனோவால் அவ்வளவு வேகமாகக் கட்டளைகளை வாங்க முடியாது. பிளைவுட் வெட்டவே மாட்டேன் என்றால் கிரேடைப் பாருங்கள். மெரைன், பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) வகைகளில் உள்ள ஃபீனால் பசை கருகி நின்றுவிடும். எம்ஆர் (ஈரம் தாங்கும்) கிரேடு எவ்வளவோ மேல்.

கண் விஷயத்தில் சமரசம் வேண்டாம். நேர் கதிர் மட்டுமல்ல, பளபளப்பான திருகில் பட்டுத் திரும்பும் ஒளியே பார்வையைப் பறிக்கும். 450 நானோமீட்டருக்கு ஓடி (ஒளியைத் தடுக்கும் அளவு) 5 அல்லது அதற்கு மேல் என்று குறித்த ஆரஞ்சு கண்ணாடியைத் தனியாக வாங்குங்கள். மாட்யூலோடு இலவசமாக வருவதை நம்ப வேண்டாம். மெஷினுக்கு ஒரு மூடி போட்டு, மூடியைத் திறந்தால் லேசரின் 12 வோல்ட் துண்டிக்கும் சுவிட்சையும் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். ஓடும்போது அறையை விட்டு நகராதீர்கள், கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

பிவிசி, ரெக்சின் இரண்டையும் லேசருக்குக் கீழே வைக்கவே கூடாது. சூடானால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் உலோகப் பாகங்களையும் அரிக்கும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால், திறந்த வெளியில் ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அதன்மேல் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.