கேள்வி பதில்: ஆசிரியரின் தொழில்நுட்பத் திறனை எப்படி அளப்பது?

தலைமையாசிரியர், தருமபுரி: கணினித் திறனுக்கு 1 முதல் 5 வரை தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளும்படி ஆசிரியர்களிடம் படிவம் கொடுத்தோம். போதுமா மேடம்?

போதாது சார். படிவத்தில் தெரிவது தன்னம்பிக்கை. திறமையைப் பார்க்க வகுப்புக்குத்தான் போக வேண்டும். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதை ஜியோஜீப்ராவில் (வடிவங்களைத் திரையில் இழுத்து மாற்றிப் பார்க்கும் கணித மென்பொருள்) நடத்தச் சொல்லுங்கள். ஒருவர் தானே முனையை இழுத்துக் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். இன்னொருவர் பிள்ளைகளை முதலில் ஊகிக்கச் சொல்வார், அப்புறம் ஒரு மாணவியை இழுக்கவிட்டு, கோணங்கள் மாறியும் கூடுதல் ஏன் மாறவில்லை என்று கேட்பார். மென்பொருள் இருவருக்கும் ஒரே அளவுதான் தெரியும். 2006-இல் கல்வி ஆய்வாளர்கள் மிஸ்ராவும் கோலரும் முன்வைத்த டிபேக் (TPACK) என்ற சட்டகம் சொல்வது இதைத்தான்: பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் தொழில்நுட்ப அறிவும் சேரும் இடத்தைப் பாருங்கள்.

படிவ மதிப்பெண்ணைப் பதவி உயர்வோடு கட்டிவிடாதீர்கள். எல்லாரும் 5 போட்டுவிடுவார்கள்.

பயிற்றுநர், மதுரை: ஆசிரியருக்கு வேண்டிய தொழில்நுட்பத் திறன்களைப் பட்டியலிடுவதில் யுனெஸ்கோ சட்டகமா, ஐரோப்பிய சட்டகமா, எதை எடுப்பது?

பயிற்சித் திட்டம் போட யுனெஸ்கோ (2018 பதிப்பு: 18 திறன்கள், 3 நிலைகள்). ஆசிரியர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஐரோப்பாவின் டிஜ்காம்ப்எடு (2017: 22 திறன்கள், 6 நிலைகள்).

ஆசிரியை, கரூர்: எந்தச் சான்றிதழ் படித்தால் மதிப்பு கூடும்?

சான்றிதழ் நீங்கள் பயிற்சியை முடித்ததைச் சொல்லும். வகுப்பில் என்ன மாறியது என்பதைச் சொல்லாது.

ஆசிரியர், திருவாரூர்: தினமும் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் பதிவு முறை) வருகைப்பதிவு, மதிப்பெண் எல்லாம் ஏற்றுகிறோம். அது திறன் இல்லையா?

அது அலுவலக வேலை. கற்பித்தல் திறனில் சேர்க்காதீர்கள்.

ஆசிரியை, நாகப்பட்டினம்: ஏற்க மாட்டேன் மேடம். ஐம்பது வயதுக்கு மேல் போனில் செயலியைக் கற்றுக்கொண்டவர்களை இப்படித் தள்ளிவிடலாமா?

தள்ளவில்லை அம்மா. அந்த உழைப்பு பெரியது, தனியாகக் குறிக்க வேண்டியது.

திருவாரூர் ஆசிரியர்: தனியாகக் குறித்தால் யார் பார்ப்பார்கள்? நேரம் முழுக்க அதில்தானே போகிறது!

நேரம் போவது உண்மை. அதனால்தான் கறாராகச் சொல்கிறேன். பதிவேற்றத்தைத் திறன் என்று எழுதிவிட்டால், உங்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்று மேலே முடிவு செய்துவிடுவார்கள், பதிவேற்றும் வேலை மட்டும் கூடும். ஏற்றிய மதிப்பெண்ணைத் திறந்து பார்த்து, பின்னத்தில் தடுமாறும் ஐந்து பேருக்கு மறுநாள் வேறு மாதிரி நடத்தினீர்களா? அதுதான் திறன். டிஜ்காம்ப்எடுவும் மாணவர் தரவை அலசுவதைத் தனித் திறனாகவே வைத்திருக்கிறது.

நாகப்பட்டினம் ஆசிரியை: அப்படியானால் சரி. ஆனால் அலசுவதற்கு நேரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டு அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நானும் எழுதுவேன்.

ஆசிரியர், சேலம்: எந்தச் சான்றிதழ் நல்லது?

கரூர் ஆசிரியைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஆசிரியை, தென்காசி: பார்வையிட வரும் அன்று நெட் போய்விட்டால்?

நெட் இல்லாமல் பாடத்தை எப்படித் தொடர்கிறீர்கள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். இணைப்பு இல்லாததற்கு ஆசிரியரின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.