மினசோட்டா தன் மாநிலக் கொடியை ஏன் மாற்றியது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் பழைய கொடியை ஏன் கைவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது, அடையாளம் தெரியாது. நீலத் துணி, நடுவில் மாநில முத்திரை. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் கொடிகள் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். காற்றில்லாத நாளில் கம்பத்தில் தொங்கினால் எது யாருடையது என்று சொல்லவே முடியாது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முத்திரையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: குடியேறிய ஒருவர் நிலத்தை உழுகிறார், பக்கத்தில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் துப்பாக்கி சாய்ந்திருக்கிறது, தூரத்தில் பூர்வகுடி ஒருவர் குதிரையில் போகிறார். தங்களை மண்ணைவிட்டு அனுப்பும் படமாகவே பூர்வகுடிகள் பலர் இதைப் பார்த்தார்கள். அந்த வலி நியாயமானது.

2023இல் சட்டமன்றம் ஒரு குழு அமைத்தது. பொதுமக்கள் 2,000க்கும் மேற்பட்ட வடிவங்களை அனுப்பினார்கள். தேர்வான வடிவத்தில் முதலில் வெள்ளை, பச்சை, வெளிர்நீலப் பட்டைகள் இருந்தன. குழு அவற்றை எடுத்துவிட்டு வெளிர்நீலத்தை மட்டும் வைத்தது. சரியான முடிவு என்பேன். இப்போது இடப்பக்கம் மாநில வரைபடத்தை நினைவூட்டும் கருநீலம், அதில் எட்டு முனை வெள்ளை நட்சத்திரம், அவ்வளவுதான். மினசோட்டாவின் குறிக்கோள் வாசகமே 'வடக்கின் நட்சத்திரம்'. வெளிர்நீலம் அங்குள்ள ஏரி, ஆறுகளின் தண்ணீர்.

2024 மே 11, மாநிலம் உருவான நாளில், புதிய கொடி நடைமுறைக்கு வந்தது. ஒரு குழந்தைகூட இதைப் பார்க்காமல் வரைந்துவிடும்.